நுனிப்புல் அல்ல: தமிழ் நூலைப் புரட்டிப் படிக்கும் முறை

தமிழில் மேலோட்டமாகப் படிப்பதற்கு இருக்கும் பழைய பெயரே ஒரு வசவு. 'நுனிப்புல் மேய்கிறான்' என்று சொல்லிவிட்டால் அந்த ஆளின் படிப்பு அத்தோடு தீர்ந்தது. அதற்குப் பயந்தே நம்மில் பலர் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பக்கத்து முதல் வரியில் தொடங்குகிறோம்; நாற்பதாவது பக்கத்தில் தூங்கிப்போகிறோம்; பிறகு அதை அலமாரியில் செருகிவிட்டு, 'படிக்க வேண்டும்' என்று பத்து ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதே செயலுக்கு நாம் அன்றாடம் புழங்கும் நல்ல பெயர் ஒன்றும் உண்டு: புரட்டிப் பார்ப்பது. நூலகம் மூடப் பத்து நிமிடம் இருக்கையில் மேசைமேல் எட்டுப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு, எந்த இரண்டை எடுத்துப்போவது என்று தீர்மானிப்பவர் செய்வது அதைத்தான். இந்தக் கட்டுரை அந்தத் திறனைப் பழக விரும்புகிறவர்களுக்காக: போட்டித் தேர்வு எழுதுபவர்கள், அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டுபவர்கள், கல்லூரியில் முதல்முறையாக ஒரே வாரத்தில் ஐந்து நூல்களைப் பார்க்கச் சொல்லப்பட்டவர்கள்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைத் தீர்த்துவிடலாம். கண்ணை வேகமாக ஓட்டினால் படிப்பும் வேகமாகும் என்று நினைத்து வந்திருந்தால், அது நடக்காது. வரியின்மேல் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. 1879-இல் பிரெஞ்சுக் கண் மருத்துவர் லூயி எமில் ஜவால், படிக்கும் கண் தத்தித் தத்திச் செல்வதைப் பற்றி எழுதினார். ஓரிடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கும், பிறகு தாவும், மீண்டும் நிற்கும். தாவும்போது எதையும் படிப்பதில்லை, நிற்கும்போதுதான் படிக்கிறது. அப்படி நிற்கையில் தெளிவாகத் தெரியும் பரப்பும் சிறியது: கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் எவ்வளவு அகலம் தெரியுமோ அவ்வளவே. ஒரு பக்கத்தை மொத்தமாக 'விழுங்கும்' கண் யாருக்கும் வாய்க்கவில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆசிரியை ஈவ்லின் வுட் 1959-இல் தொடங்கிய வேக வாசிப்பு வகுப்புகள், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் என்று ஆசை காட்டின. ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்தபோதே அதில் சேர்ந்து பயின்றார். ஆனால் கீத் ரெய்னரும் நான்கு சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2016-இல் வெளியிட்ட முடிவு வேறு: வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும், இரண்டையும் சேர்த்து உயர்த்தும் மந்திரம் இல்லை. ஆங்கிலத்தில் கட்டுரை படிக்கும் வளர்ந்தவரின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று 190 ஆய்வுகளைத் தொகுத்து மார்க் பிரைஸ்பார்ட் 2019-இல் கணக்கிட்டார். ஆயிரங்களுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

அதே ரெய்னர் குழு புரட்டிப் படிப்பதைத் தள்ளிவிடவில்லை. முழுப் புரிதல் தேவைப்படாத இடத்தில் அது நல்ல வழி என்றே சொன்னது. டக்கன், பெய்ன் என்ற இருவர் 2009-இல் வெளியிட்ட சோதனைகளிலும், குறைந்த நேரத்தில் புரட்டிப் பார்த்தவர்களுக்கு முக்கியமான கருத்துகள் நன்றாக நினைவில் நின்றன. சில்லறை விவரங்களில் அந்த லாபம் இல்லை. நமக்கு வேண்டிய பேரமும் இதுதான். சில்லறையை விட்டுக்கொடுத்து முதலை எடுத்துக்கொள்கிறோம். எதைச் சில்லறை என்று விடுவது? மீதி எல்லாம் அதைப் பற்றித்தான்.

முதல் படி: கேள்வியை எழுதுங்கள்

நூலைத் திறக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு கேள்வியை எழுதுங்கள். மனத்தில் நினைத்தால் போதாது. இரண்டாவது பக்கத்திலேயே மறந்துவிடும். 'நீர் மேலாண்மை பற்றித் தெரிந்துகொள்ள' என்பது கேள்வி ஆகாது. 'ஏரிகளின் மதகைத் திறக்கும் பொறுப்பு ஊரில் யாரிடம் இருந்தது?' என்பது கேள்வி. கேள்வி கூர்மையாக இருந்தால் பக்கத்தில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். கேள்வியே தோன்றாவிட்டால், 'இதை முழுதாகப் படிக்க வேண்டுமா?' என்று எழுதுங்கள். அதுவும் முழு மதிப்புள்ள கேள்விதான். பல புத்தகங்களுக்கு அதன் விடை 'வேண்டாம்' என்றே வரும்.

இரண்டாம் படி: சட்டகத்தைப் பாருங்கள்

பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு நூலின் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எட்டுப் பொருள்களை எண்ணிச் சொல்கிறது: ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்ல எடுத்துக்கொண்ட பொருள், கேட்போர், பயன். யார், எதைப் பற்றி, யாருக்காக, எதற்காக எழுதினார் என்பதை உள்ளே நுழையும் முன்பே தெரிந்துகொள் என்பதுதானே இது? ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இலக்கணக்காரர்கள் புரட்டிப் பார்ப்பவருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இன்றைய தமிழ்ப் புத்தகத்தில் அந்த எட்டையும் எங்கே தேடுவது? வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை என்று முதல் முப்பது பக்கங்களை உரைகள் அடைத்துக்கொண்டிருக்கும். முதல் இரண்டையும் கூசாமல் தாண்டுங்கள். பெரும்பாலும் அவை பொன்னாடை. 'என்னுரை' அல்லது 'முன்னுரை' என்று ஆசிரியரே எழுதியதை மட்டும் படியுங்கள், அதை வரி விடாமல் படியுங்கள். ஏன் எழுதினேன், எதை விட்டுவிட்டேன், யாரோடு எனக்குக் கருத்து வேறுபாடு என்பதையெல்லாம் ஆசிரியர்கள் அங்கேதான் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்து பொருளடக்கம். இயல்களின் தலைப்புகளை வாசித்து, எந்த இயலுக்கு எத்தனை பக்கம் என்று கணக்குப் பாருங்கள். பன்னிரண்டு பக்க இயல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் ஐம்பது பக்கம் என்றால், நூலின் உயிர் அங்கே இருக்கலாம். பிறகு கடைசி இயலின் கடைசி இரண்டு பக்கங்கள். துப்பறியும் கதை தவிர வேறெதிலும் முடிவை முதலில் பார்ப்பதில் குற்றமில்லை. நூலின் இறுதியில் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல், இருந்தால் உங்கள் கேள்வியிலுள்ள சொல்லை அதில் தேடுங்கள். நம் பதிப்பாளர்களில் பலர் சொல்லடைவை வீண் செலவாகக் கருதுகிறார்கள் என்ற என் நெடுநாள் மனத்தாங்கலை இங்கே ஒரு வரியில் பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

இவ்வளவுக்கும் பதினைந்து நிமிடம் போதும். கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புரட்டிப் படிப்பது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கில வாசகர்களுக்காக எழுதப்பட்டவை. பத்தியின் முதல் வாக்கியத்தைப் படி, வாக்கியத்தின் முதல் சில சொற்களைப் பார், தாண்டு என்பார்கள். ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார், செய்யவில்லை என்பதெல்லாம் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. காலம், உடன்பாடு, எதிர்மறை, ஐயம், 'இது என் கருத்தல்ல' என்ற கைகழுவல் எல்லாம் அந்த ஒரு வாலில்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இரவுப் பணியில் இருந்த காலம். மழைக்காலம், இரவு பதினொன்றரை மணி, மேசையில் மாவட்டச் செய்திகள் குவிந்து கிடந்தன. ஒரு செய்திக்குறிப்பு ஏறக்குறைய இப்படித் தொடங்கியது: 'கனமழை காரணமாக நாளை மாவட்டத்திலுள்ள அனைத்துப் பள்ளிகளுக்கும் விடுமுறை அறிவிக்கப்பட்டுள்ளதாகச் சமூக வலைதளங்களில்…' நான் 'விடுமுறை' வரை பார்த்துவிட்டுத் தலைப்பு எழுதி அனுப்பிவிட்டேன். வாக்கியத்தின் மிச்சம்: '…பரவிவரும் தகவல் உண்மையல்ல.' முதல் பதிப்பு அச்சாகிப் பஸ் ஏறிய பிறகுதான் மூத்த ஆசிரியர் கண்ணில் பட்டது. அவர் திட்டவில்லை. அந்தக் குறிப்பை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே தமிழில் ஒரு பத்தியைப் புரட்டிப் பார்க்கும் முறை இது: முதல் வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள். நடுவில் உள்ள வாக்கியங்களில் முற்றுப்புள்ளியைத் தேடிப் போய், அதற்கு முன்னுள்ள இரண்டு மூன்று சொற்களை மட்டும் பாருங்கள். கடைசி வாக்கியத்தை மீண்டும் முழுதாகப் படியுங்கள். புள்ளியிலிருந்து புள்ளிக்குத் தாவுவது முதலில் நொண்டுவதுபோல் இருக்கும். பழகிவிட்டால் பத்தியின் போக்கு வால்களிலேயே தெரிந்துவிடும்.

எந்த வால்களைக் கண்டால் நிற்க வேண்டும்? 'இல்லை', 'அல்ல', 'இயலாது', 'கூடாது', 'தேவையில்லை' என்று முடிந்தால் திரும்பிப்போய் அந்த வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள். 'என்று கூறப்படுகிறது', 'எனத் தெரிகிறது' என்று முடிந்தால் எழுதியவர் பொறுப்பேற்கவில்லை. 'எனக் கருதுவோர் உண்டு', 'என்பார்கள்' என்று முடிந்தால் அடுத்த வாக்கியத்தில் அதை மறுக்கப்போகிறார் என்று பந்தயமே கட்டலாம். அதைப் போய் ஆசிரியரின் கருத்தாகக் குறிப்பெடுத்துவிடாதீர்கள். தேர்வு எழுதும் மாணவர்கள் மிக அதிகமாக விழும் குழி இதுதான்.

வாலில் வராத, ஆனால் பொருளைத் தலைகீழாக்கும் சில சிறு சொற்களும் இருக்கின்றன. 'உட்பட', 'நீங்கலாக', 'தவிர', 'மட்டும்', 'அல்லாத'. ஒரு பட்டியலுக்குப் பின்னால் 'உட்பட' வருகிறதா 'நீங்கலாக' வருகிறதா என்று பார்க்காமல் பட்டியலை மட்டும் படிப்பது, வண்டியில் ஏறிவிட்டு அது எந்த ஊருக்குப் போகிறது என்று பார்க்காததைப் போன்றது.

நான்காம் படி: கண்ணில் படுவதைப் பயன்படுத்துங்கள்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கித் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். தமிழில் அந்த வசதி இல்லை. 'முருகன்' என்ற பெயரும் 'முருங்கை' என்ற மரமும் ஒரே உயரத்தில்தான் நிற்கின்றன. ஆனால் வேறு சில கொக்கிகள் இருக்கின்றன. எண்கள் எழுத்துக்கூட்டத்தில் தனியாகத் தெரியும். ஆண்டு, தொகை, விழுக்காடு ஆகியவற்றைக் கண் தானே பிடிக்கும். மேற்கோள் குறிகளும் அப்படியே. தலைப்பெழுத்துக்குப் பின் வரும் புள்ளி ஒரு மனிதரைக் காட்டிக்கொடுக்கும். ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் வரும் இடத்தில் பெரும்பாலும் ஒரு அயல்பெயரோ கலைச்சொல்லோ இருக்கும். தனித்தமிழ் நடையில் எழுதப்பட்ட நூலில் இந்தக் கொக்கி வேலை செய்யாது என்பது வேறு விஷயம்.

குறிப்பிட்ட ஒன்றைத் தேடும்போது, உதாரணமாக ஓர் ஆண்டையோ பெயரையோ, பத்தியின் பொருளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பக்கத்தின் நடுவில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே துழாவுங்கள். அது வேறு வேலை. புரட்டிப் படிப்பதோடு அதைக் கலந்தால் இரண்டும் கெடும்.

இணைப்புச் சொற்கள் அடுத்த கொக்கி. 'ஆனால்', 'எனினும்', 'மாறாக' வந்தால் நில்லுங்கள்: திருப்பம். 'ஆகவே', 'எனவே', 'இதிலிருந்து' வந்தால் நில்லுங்கள்: முடிவு. 'எடுத்துக்காட்டாக', 'அதுபோலவே', 'மேலும்' வந்தால் தாண்டிப் பாருங்கள். முன்பு சொன்ன கருத்து புரிந்திருந்தால் எடுத்துக்காட்டு வேண்டாம். புரியாவிட்டால் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவதே நல்லது.

ஐந்தாம் படி: இறங்க வேண்டிய இடத்தில் இறங்குங்கள்

புரட்டிக்கொண்டே போகையில், உங்கள் சீட்டிலுள்ள கேள்விக்கு விடை தென்படும் பக்கம் ஒன்று வரும். அங்கே வேகத்தை மறந்துவிடுங்கள். பென்சிலை எடுங்கள், வரி விடாமல் படியுங்கள், தேவையானால் இரண்டு முறை படியுங்கள். அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். எந்த வயலை ஆழ உழுவது என்று தெரிந்துகொள்ளத்தான் வரப்பில் இவ்வளவு நேரம் நடந்தோம். இந்த இறக்கம் இல்லாவிட்டால் நடந்ததெல்லாம் நுனிப்புல்தான், வசவு பொருந்தும்.

மாறாக, மூன்று பக்கம் தொடர்ந்து எதுவும் கிடைக்காவிட்டால் அந்த இயலை விட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். 'இவ்வளவு படித்துவிட்டோமே' என்ற இரக்கம் வேண்டாம்.

ஆறாம் படி: மூடிவிட்டுச் சொல்லுங்கள்

புத்தகத்தை மூடுங்கள். சீட்டைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள்: ஆசிரியர் என்ன சொல்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், என் கேள்விக்கு விடை கிடைத்ததா. எழுத வரவில்லையென்றால் கண்தான் ஓடியிருக்கிறது, நீங்கள் படிக்கவில்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் ராபின்சன் 1946-இல் மாணவர்களுக்கு வகுத்துக்கொடுத்த ஐந்து படி முறையிலும் ஏறக்குறைய இதே வரிசைதான்: மேலோட்டமாகப் பார், கேள்வி கேள், படி, சொல்லிப் பார், திருப்பிப் பார். நம்மூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் நடுவில் உள்ள 'படி'யை மட்டும் நான்கு தடவை செய்கிறார்கள். சொல்லிப் பார்ப்பது நினைவை எவ்வளவு உறுதிப்படுத்துகிறது என்பதை 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் காட்டினார்கள்: ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி மறுபடி படித்தவர்களைவிட மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களே அதிகம் சொன்னார்கள்.

எங்கே பழகுவது?

நாளிதழின் தலையங்கத்தில் தொடங்குங்கள். நீளம் அளவாக இருக்கும், ஒரே ஒரு கருத்து இருக்கும், அது பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும். ஒரு நிமிடம் புரட்டிப் பாருங்கள், மூன்று வாக்கியம் எழுதுங்கள், பிறகு முழுதாகப் படித்து ஒப்பிடுங்கள். எதைத் தவறவிட்டீர்கள், எதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டீர்கள் என்று குறித்துவையுங்கள். செய்திக்கு வேறு கணக்கு: அங்கே முக்கியமானது முதல் பத்தியில் வந்துவிடும், கீழே போகப் போக நீர்த்துப்போகும்.

இரண்டாவது வாரம் ஓர் அரசாணையை எடுத்துக்கொள்ளுங்கள். மிரட்டும் நடை, ஆனால் புரட்டுபவருக்கு இதைவிட இணக்கமான ஆவணம் இல்லை. தமிழ்நாட்டு அரசாணையின் தலையிலேயே 'சுருக்கம்' இருக்கும். அதற்குக் கீழே எண், நாள். அடுத்து 'படிக்கப்பட்டவை' என்று பழைய ஆணைகள், கடிதங்களின் பட்டியல், அதைத் தாண்டுங்கள். 'ஆணை' என்ற தலைப்பின் கீழ் எண்ணிட்ட பத்திகள் வரும். முதல் சில பத்திகள் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்ற பழங்கதை. 'அரசு நன்கு பரிசீலித்து' என்ற சொற்களைத் துழாவிப் பிடியுங்கள். அந்தப் பத்தியிலும் அதற்குப் பின்னும்தான் சரக்கு. அங்கே ஒரு எழுத்தைக்கூட விடாதீர்கள், நிபந்தனைகள் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தேர்வர்களுக்கு ஒரு கணக்கு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒன்றுக்கு 54 விநாடி. பத்தி கொடுத்துக் கேள்வி கேட்கும் இடத்தில் பத்தியை முதலில் படித்தால் நேரம் கரைந்துவிடும். கேள்விகளைப் படியுங்கள், பிறகு பத்திக்குப் போங்கள். 'பொருந்தாததைத் தேர்ந்தெடு', 'தவறான கூற்று எது' என்ற வால்களைப் பார்க்காமல் சரியான கூற்றைக் கண்டுபிடித்து மகிழ்ச்சியோடு வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு மையத்திலும் இருப்பார்கள்.

முடிந்தவரை தாளில் பழகுங்கள். தாளில் படிப்பதையும் திரையில் படிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டின் ஆய்வு, தகவல் சார்ந்த எழுத்தில் தாளில் படித்தவர்களுக்கே புரிதல் கூடுதல் என்றும், நேரக் கட்டுப்பாடு இருக்கும்போது அந்த இடைவெளி பெரிதாகிறது என்றும் கண்டது. கைப்பேசியில்தான் படித்தாக வேண்டுமென்றால், ஒரு முறை கடைசிவரை தள்ளிப் பார்த்து நீளத்தையும் துணைத்தலைப்புகளையும் தெரிந்துகொண்டு மேலே வாருங்கள்.

உங்கள் வேகத்தை ஆங்கில அளவுகோலில் அளக்காதீர்கள். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்தாறு சொற்கள் வேண்டும். நிமிடத்துக்கு 238 வரவில்லையே என்று கவலைப்படுவதில் பொருளில்லை. ஒரே நூலில், ஒரே அளவு எழுத்தில், பத்து நிமிடத்தில் எத்தனை பக்கம், மூன்று வாக்கியம் எழுத முடிந்ததா என்று மட்டும் பாருங்கள்.

சிலவற்றைப் புரட்டவே கூடாது. கையெழுத்துப் போடப்போகும் பத்திரம், மருந்தோடு வரும் தாள், கணக்குப் பாடத்தின் நிறுவல், கவிதை. ஏழு சீரில் முடிந்துவிடும் குறளில் எதைத் தாண்டுவீர்கள்?

கடைசியாக ஒரு சின்னப் பழக்கம். சொந்தப் புத்தகமாக இருந்தால் முதல் பக்கத்தின் மூலையில் பென்சிலால் குறி போடுங்கள்: முழுதாகப் படித்ததற்கு 'ப', புரட்டியதற்கு 'பு', பக்கத்தில் தேதி. ஆறு மாதம் கழித்து யாராவது அந்த நூலைப் பற்றிக் கேட்கும்போது, எவ்வளவு தூரம் வாயைத் திறக்கலாம் என்று அந்த எழுத்து சொல்லும். என் அலமாரியில் 'பு'தான் அதிகம். சில நூல்களில் அந்த 'பு'வின்மேல் ஒரு கோடு கிழித்து, சில ஆண்டுகள் கழிந்த ஒரு தேதியோடு 'ப' என்று எழுதியிருக்கும்.